பெட்டி வரவில்லை: மலாவியில் முதல் எட்டு நாள்

நாள் 1, புதன்

இரண்டு பெட்டி போட்டேன், ஒன்றுதான் வந்தது. சென்னையில் ஏறி, அடிஸ் அபாபாவில் மாறி, லிலோங்வேயில் இறங்கியபோது மதியம் ஆகிவிட்டது. பெல்ட் நிற்கும்வரை நானும் நின்றேன். வந்த பெட்டியில் சட்டை, சாரம், பைபிள், சர்க்கரை மாத்திரை. வராத பெட்டியில்தான் விஷயமே இருக்கிறது: ஆறு மைக்ராஸ்கோப் பல்பு, ஸ்லைடில் கிருமிக்குச் சாயம் ஏற்றும் ஜீம்சா ஸ்டெய்ன் பவுடர், நான்கு பாக்கெட் ஸ்லைடு, வீட்டுக்காரி திரித்துக் கொடுத்த இட்லிப்பொடி ஒரு கிலோ. கவுண்டரில் இருந்த பெண் படிவத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு "பெபானி" என்றாள். சிச்சேவா மொழியில் நான் கற்ற முதல் சொல். மன்னிக்க வேண்டும் என்று பொருளாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 35 வருஷம் லேப் டெக்னீஷியன். போன மே மாதம் ஓய்வு. இங்கே ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் உதவ வந்திருக்கிறேன். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு சபையில் ஜெபித்து அனுப்பினார்கள். முடிந்ததும் கமிட்டிப் பெரியவர் ஒருவர் தோளில் கை போட்டு, "ஓய், அங்க முக்கால்வாசிப் பேரு கிறிஸ்தவங்கதானாம்லா? பெறகு யாருக்குப் போயி சுவிசேஷம் சொல்லப் போறீரு?" என்றார். நியாயமான கேள்விதான். "மலேரியாவுக்குச் சொல்லப் போறேன்" என்று சமாளித்துவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி வண்டி தெற்கே டெட்சா போகும் சாலையைப் பிடித்தது. நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். பிப்ரவரி இங்கே மழைக்காலம். இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம், அதற்குக் கீழே நம்ம தேரி மண் போலச் சிவப்பு. சோளத்துக்கு நடுவில் ஊடுபயிராக நின்ற செடியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லலாமா என்று தோன்றியது. துவரை! இங்கே நண்டோலோ என்கிறார்கள். ஆண்டுக்கு 50,000 டன் துவரையை மலாவியிடமிருந்து வாங்குவதாக 2021-ல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. நம் வீட்டுச் சாம்பாரில் கொஞ்சம் இங்கிருந்தும் வந்திருக்கலாம்.

ஓட்டுநர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "உங்கள் கடை ஏரியா 2-லா, 3-லா?" லிலோங்வே நகரம் முழுக்க இப்படி எண்களால்தான் பிரிந்திருக்கிறது. பழைய டவுனில் இந்தியர்களின் கடைகள் நிறைய. இந்தியர்களை இங்கே அம்வெண்யே என்பார்கள். அம்வெண்யே என்றாலே கடைக்காரர் என்றுதான் நினைப்பு. கடை இல்லை, ரத்தம் டெஸ்ட் பண்ண வந்திருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடி வழியாக என்னை இரண்டு தடவை பார்த்தார்.

நாள் 2, வியாழன்

காலையில் லேப்புக்குள் போனதும், பழக்க தோஷம், "ரிஜிஸ்டர் எங்கே?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. லேப் இன்சார்ஜ் (என்னைவிடப் பத்து வயது சின்னவர், பெரிய உடம்பு, சின்னக் குரல்) எழுந்து வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "ம்வாட்சுக்கா ப்வாஞ்ஜி?" என்றார். எப்படி விழித்தீர்கள் என்று கேட்கிறாராம். நான் நன்றாக விழித்தேன், நீங்கள் எப்படி என்று திருப்பிக் கேட்க வேண்டும். அப்படி ஒவ்வொருவரிடமும், ஐந்து பேரிடமும் முடித்த பிறகுதான் ரிஜிஸ்டர் வந்தது. ஊரில் எங்கள் லேப்பில் காலை ஏழு மணிக்கு யாராவது இப்படி ஆரம்பித்திருந்தால் நான் கத்தியிருப்பேன்.

இன்னொரு சமாச்சாரம். என் பதிவுத் தாள் இன்னும் வந்து சேரவில்லை. அது வரும்வரை நான் எந்த டெஸ்ட் முடிவிலும் கையெழுத்துப் போட முடியாது. 35 வருஷக் கையெழுத்துக்கு விடுமுறை! பார்க்கலாம், சொல்லலாம், கையெழுத்து மட்டும் அவர்கள் போடுவார்கள்.

சரி, பார்த்ததைச் சொல்கிறேன். முதல் ஸ்லைடு. நூறு மடங்கு லென்ஸில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஃபோகஸ் செய்தேன். ஊரில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி. ஒரு படலம் முழுக்கத் தேடினால் ஊதிப்போன சிவப்பணு ஒன்றிரண்டு கிடைக்கும், உடனே எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவோம். இங்கே தேடவே வேண்டியதில்லை. ஒரு வட்டத்துக்குள் பதினெட்டு எண்ணினேன். எல்லாம் ஃபால்சிபாரம், உயிருக்கே ஆபத்தான வகை. மெல்லிய நீல வளையம், அதில் சிவப்புப் புள்ளி, சிலவற்றில் இரண்டு புள்ளி, காதில் மாட்டும் ஹெட்போன் மாதிரி. ஒரே அணுவுக்குள் இரண்டு வளையம், மூன்று வளையம். விளிம்பில் ஒட்டிக்கொண்டு சில. பாடப் புத்தகத்தில் இருக்கும் அத்தனை படமும் ஒரே கண்ணாடித் துண்டில். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். ஆகா, என்ன ஸ்லைடு! அப்புறம்தான் லேபிளில் வயது பார்த்தேன். இரண்டு வருஷம் நான்கு மாதம்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. எல்லாரும் எழுந்திருப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் அசையவில்லை. இன்சார்ஜ் பழைய மைக்ராஸ்கோப்பின் அடியிலிருந்த விளக்கைக் கழற்றிவிட்டு ஒரு வட்டக் கண்ணாடியை மாட்டி, ஜன்னல் பக்கம் சாய்த்தார். மேகம் நகர்ந்தால் அவரும் கண்ணாடியை நகர்த்துவார். ஒரு கையில் கண்ணாடி, மறு கையில் கிருமி எண்ணும் கவுண்டர். அப்படியே பன்னிரண்டு ஸ்லைடு. டிப்ளமா படிக்கும்போது நான் கடைசியாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தது. ஆறு பல்பு கொண்டுவரும் உபகாரி என்று என்னை நினைத்து வைத்திருந்தேன்.

மதியம் விருந்தினர் விடுதியில் மேசை விரிப்புப் போட்டு, எனக்கு மட்டும் சாப்பாடு. சோறும் கோழியும். நல்ல சாப்பாடுதான்.

நாள் 3, வெள்ளி

இன்று ஒரு பெரிய தப்புச் செய்தேன். ஆனால் யாரும் சாகவில்லை, சிரித்தார்கள்.

குழந்தைகள் வார்டுக்கு ஸ்லைடு எடுக்கப் போனேன், கூட ஒரு ஜூனியர் பையன். மழைக்காலத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளை, சிலதில் மூன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அம்மா அல்லது பாட்டி, இடுப்பில் பூப்போட்ட சித்தேஞ்சே துணி. அம்மாவை இங்கே அமாயி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் எனக்கு மொழி தெரிந்த மாதிரி இருக்கிறது. நேற்றுப் பார்த்த ஸ்லைடுக்குரிய பெண் குழந்தை மூன்றாவது கட்டிலில் படுத்திருந்தாள். மலேரியாவுக்கான ஆர்டிசுனேட் ஊசி போட்டு வந்தார்கள். அவள் அம்மாவிடம், இரவெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். 'குழந்தைக்கு மலேரியா இருக்கிறது' என்பது நான் சொல்ல நினைத்தது.

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்து, இரண்டு உள்ளங்கையையும் மெதுவாகத் தட்டி, "ஆமென்" என்றாள்.

ஜூனியர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது. மலேரியாவுக்கு மலுங்கோ. கடவுளுக்கு முலுங்கு. குழந்தைக்குள் கடவுள் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் பக்கத்துக் கட்டில் பாட்டியும் தன் பேரனைக் காட்டி, இவனுக்கு என்ன என்று சைகையில் கேட்க, வார்டே சிரித்தது. மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. கேட்டில் நிற்கும் காவலாளி என்னைப் பார்த்து வானத்தைக் கைகாட்டுகிறார்.

வார்டுக்குப் பின்னால் போனால் வேறு உலகம். இங்கே நோயாளிக்குச் சாப்பாடு செய்வது கூட வந்தவர்கள் பொறுப்பு. ஒரு நீளமான கொட்டகை, மும்மூன்று கல் கூட்டிய அடுப்புகள் வரிசையாக, ஒரே புகை. பானையில் வெள்ளை மக்காச்சோள மாவு கொதிக்க, துடுப்பு மாதிரி நீளக் கட்டையால் இரண்டு கையும் போட்டுக் கிண்டுகிறார்கள். இதுதான் ன்சிமா. கம்பங்களி கிண்டிய கை எதுவானாலும் பார்த்ததும் புரிந்துகொள்ளும். அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி என்றால் போன வருஷத்து மாவு தீர்ந்து, வயலில் இருப்பது முற்றாத மாதங்கள். சில அடுப்புகளில் பானை சின்னதாக இருந்தது. சில அடுப்பு எரியவில்லை.

திரும்பி வரும்போது கவனித்தேன்: லேப்புக்குப் பின்புறத் திண்ணையில் பாய் விரித்து ஐந்து பேரும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு விடுதியில் மேசை போட்டிருக்கும். கையசைத்துவிட்டுப் போனேன்.

நாள் 4, சனி

மழை. டியூட்டி இல்லை. பெட்டி பற்றித் தகவலும் இல்லை.

இரவு வீட்டுக்காரி பேசினாள். இங்கே எட்டு மணி என்றால் அங்கே பதினொன்றரை. தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். "ஏங்க, சாப்டீங்களா? டாக்ஸி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு மேலதானே போடுதீங்க? வெறும் வயித்துல போட்டா நெஞ்சு எரியும்." மலேரியா வராமலிருக்கத் தினம் ஒரு டாக்ஸிசைக்ளின். அதன்கூட வெயில் ஆகாது. இந்த ஊரில் தொப்பி போட்டுத் திரியும் ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பிறகு அவள் அழுத்தமாகக் கேட்டது: "பொடி வந்துட்டா?"

மழையில் வேறு வேலை இல்லாமல், விடுதி அலமாரியில் கிடந்த பழைய சரித்திரப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். 1875-ல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் இந்த நாட்டு ஏரியின் தென்கரையில், கேப் மெக்ளியரில் முதல் நிலையம் போட்டார்கள். நல்ல துறைமுகம், பொல்லாத காய்ச்சல். ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. 1881-ல் வடக்கே பண்டாவேவுக்கு மாறினார்கள். அங்கேயும் காய்ச்சல். 1894-ல் மலைமேல் கொண்டோவேக்கு ஏறினார்கள். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் இருப்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் பார்த்தது 1897-ல். அதாவது, எதற்காக மலையேறினோம் என்பதே சரியாகத் தெரியாமல் ஏறியிருக்கிறார்கள். கொசுவலைக்குள் உட்கார்ந்து இதைப் படிப்பது ஒரு மாதிரி இருந்தது. உலகிலேயே முதன்முதலாக மலேரியா தடுப்பூசியைக் குழந்தைகளுக்கு வழக்கமான ஊசியோடு சேர்த்துப் போடத் தொடங்கியதும் இதே மலாவியில்தான், 2019 ஏப்ரலில்.

எங்கள் ஆச்சி ஒவ்வொரு வேளையும் அரிசி களையும் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். மிஷன் ஊழியத்துக்கு. அந்தப் பிடி அரிசி எங்கே போகிறது என்று சின்ன வயதில் கேட்டதற்கு, "தோர்ணக்கல்லுக்கு" என்பாள். தோர்ணக்கல் ஏதோ வெளிநாடு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயரும் மற்றவர்களும் 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் இருக்கும் அந்தத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். போனவர்கள் தெலுங்கு படித்தார்கள். அவர்களும் ஆரம்பத்தில் இப்படி முலுங்கு, மலுங்கோ என்று உளறியிருப்பார்கள், அது எந்த அறிக்கையிலும் வந்திருக்காது.

அதே அசரியா 1910-ல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் பேசியதை எங்கள் ஊரில் கேட்காத ஞாயிறுபள்ளிப் பிள்ளை இருக்காது. ஏழைகளுக்கு உங்கள் உடைமையைக் கொடுத்தீர்கள், உடலையும் எரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். சிறுவயதில் கை தட்டுவோம், நம்மாள் வெள்ளைக்காரனிடமே கேட்டுவிட்டார் என்று. இன்றைக்கு அந்த மேசை விரிப்பு ஞாபகம் வந்தது. இந்தக் கதையில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று கணக்குப் பார்த்தேன். கணக்கு சரியாக வரவில்லை.

நாள் 5, ஞாயிறு

ஆராதனை மூன்று மணி நேரம். நான்கு பாடகர் குழு, ஆளுக்கு ஒரு முறை அல்ல, இரண்டு முறை. ஒரு பாட்டுத் தொடங்கியதும் நிமிர்ந்தேன்: நம் பாமாலை மெட்டு! வார்த்தை ஒன்றும் தெரியாது, ஆனால் அடுத்த வரி எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தெரியும். தமிழில் பாடினேன், மெதுவாக. பக்கத்திலிருந்த பெரியவர் தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார்.

புது ஆட்களை எழுந்து வணக்கம் சொல்லச் சொன்னார்கள். எழுந்தேன். வாயைத் திறப்பதற்கு முன்பே பின்வரிசையில் யாரோ "முலுங்கு!" என்றார்கள். போதகரே சிரித்துவிட்டார்.

நாள் 6, திங்கள்

மூன்றாவது கட்டில் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 3.4. சனிக்கிழமை 5.8 இருந்தது. கிருமி ஊசிக்கு அடங்கிவிட்டது, இன்று ஸ்லைடில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. துரித டெஸ்ட் அட்டை மட்டும் இன்னும் பாசிட்டிவ் காட்டும், கிருமி செத்த பிறகும் சில வாரம் அப்படித்தான், அதற்காகத்தான் ஸ்லைடு. ஆனால் அது உடைத்துவிட்டுப் போன சிவப்பணு போனது போனதுதான். குழந்தை மூச்சு வாங்குவது வாசலில் நின்றாலே தெரிந்தது. உதட்டின் உள்பக்கம் காகிதம் மாதிரி.

குழந்தை ஓ பாசிட்டிவ். பிரிட்ஜில் ஓ ரத்தம் இல்லை. அம்மா ஏ. அப்பா வேலைக்குத் தென்னாப்பிரிக்கா போயிருக்கிறார். மாமனைக் கூட்டி வந்தார்கள், அவரும் ஏ. நான் சட்டைக்கையை மடித்தேன், ஏனென்றால் நான் ஓ பாசிட்டிவ், ஊரில் 23 தடவை கொடுத்தவன். இன்சார்ஜ் கேள்வித் தாளை எடுத்தார். வயது? 59. மாத்திரை? சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. நாட்டுக்கு வந்து எத்தனை நாள்? ஆறு. பேனாவை மூடி வைத்துவிட்டு, "அகோகோ, நீங்கள் உட்காருங்கள்" என்றார். அகோகோ என்றால் தாத்தா. சட்டைக்கையை இறக்கிவிட்டேன்.

அவர் போய்ப் படுத்தார். அவரும் ஓ. போன வருஷம் நான்கு தடவை கொடுத்தாராம், ஜூனியர் சொன்னான். பை நிறைவதற்குள், இரண்டு ரத்தமும் சேருமா என்று பார்க்க நானும் ஜூனியரும் கிராஸ்மேட்ச் போட்டோம். சோதனைக் குழாயைச் சுழலவிட்டு எடுத்து, மெதுவாகத் தட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். கட்டி கட்டியாக வந்தால் சேராது. கட்டியே இல்லாமல் அலை அலையாகக் கலைந்தால் சேரும். நான் பிடித்தேன், அவன் பார்த்தான். அப்புறம் அவன் பிடித்தான், நான் பார்த்தேன். கலைந்தது. கையெழுத்து அவனுடையது.

பத்துக் கிலோ குழந்தை, 200 மில்லி. இன்சார்ஜ் ஒரு ஃபாண்டா குடித்துவிட்டு, பஞ்சை மடித்துப் பிடித்தபடியே வந்து, பாதியில் விட்ட யூரின் ரிப்போர்ட்டை எழுத ஆரம்பித்தார்.

ஊரிலிருந்து ஒரு தம்பி, "அண்ணே, ஊழியம் எப்படிப் போகுது?" என்று மெசேஜ் போட்டிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை.

நாள் 7, செவ்வாய்

வயிறு சரியில்லை. படுத்திருந்தேன். லேப்பிலிருந்து ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்று, எப்படி விழித்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நாள் 8, புதன்

பெட்டி வந்துவிட்டது!

விமான நிலையத்திலிருந்து காலைக் காய்கறி வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். பூட்டு உடைந்து கயிறு கட்டியிருந்தது. எல்லாரும் பார்க்க லேப் மேசைமேல் வைத்துத் திறந்தேன். திறந்த உடனே வாசனை. பொடி டப்பா உடைந்து பெட்டி முழுக்கப் பரவியிருக்கிறது. மிளகாய், பூண்டு, பெருங்காயம். பல்பு ஆறில் ஐந்து தப்பித்தது. ஜீம்சா பாட்டில் மூடி இறுக்கமாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஸ்லைடு பாக்கெட்டுகளை மட்டும் ஜூனியர் ஒவ்வொன்றாக ஊதி ஊதி அடுக்கினான், நடுநடுவே தும்மினான்.

மூன்றாவது கட்டிலுக்கு ஹீமோகுளோபின் 7.1. போய்ப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்து, அம்மா ஊட்டுவதைத் தட்டிவிட்டு, தானே வாரித் தின்றுகொண்டிருந்தாள். பாதி வாயில், பாதி கட்டிலில். என்னைக் கண்டதும் அழுதாள். ஊசிக்காரன் என்று அடையாளம் தெரிந்துவிட்டது, நல்ல அறிகுறி.

மதியம் விடுதிப் பக்கம் போகாமல், டப்பாவில் மிஞ்சிய பொடியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, பாயில் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒரு பெண் செம்பும் தட்டும் கொண்டுவந்து, ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றினாள். வயதில் மூத்தவன் என்று எனக்குத்தான் முதலில். ன்சிமா சுடச்சுட, கையால் உருட்டி நடுவில் குழி செய்து தொட்டுக்கொள்ள வேண்டும். தொட்டுக்கொள்ளப் பூசணிக்கொழுந்தும், உசிபா என்னும் ஏரி மீன் கருவாடும். உசிபாவைப் பார்த்தால் நம்ம நெத்திலிக் கருவாடேதான், தூத்துக்குடிக்காரனே ஏமாந்துபோவான்.

நல்லெண்ணெய் இல்லை. சூரியகாந்தி எண்ணெயில் பொடியைக் குழைத்து நடுவில் வைத்தேன். இன்சார்ஜ் ஒரு உருண்டை தொட்டு வாயில் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கண் கலங்கியது, மிளகாய்தான். தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொரு உருண்டை. பேர் என்ன என்றார். சொன்னேன். சிச்சேவாவில் ல-வும் ர-வும் ஒன்றுதான், எது முதலில் வாயில் வருகிறதோ அது. "இட்ரிப்போடி" என்று நான்கு தடவை சொல்லிப் பார்த்தார். எனக்குத் திருத்தத் தோன்றியது. முலுங்கு என்று எனக்குப் பேரே வைத்துவிட்ட இடத்தில் யாரைத் திருத்துவது?

டப்பாவை எட்டிப் பார்த்து, "பெட்டிக்குள்ளே சிந்தினதை எல்லாம் துடைத்துப் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை, இன்னும் துடைக்கவில்லை என்றேன்.

"துடைக்க வேண்டாம்" என்றார்.